ஐந்தாம் வினா

மஞ்சக்குப்பத்தில் பயிற்சிக் கூடம்.
பதினோரு மின்விசிறிகளில் ஏழு சுற்றின.
எதையும் எண்ணிப் பார்த்துவிடுவேன்,
கணக்கு வாத்தியார்.

உட்கார்ந்ததுமே ஒரு தாள் கொடுத்தார்கள்.
'பயிற்சிக்கு முன்' என்று தலையில் அச்சு.
பெயர் எழுத வேண்டாம் என்றார் மெர்லின் மேடம்.
வயது மட்டும்.
முப்பத்தேழு என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் உறைத்தது:
ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடுகிறவன்
இந்த முப்பத்தெட்டுப் பேரில்
நான் ஒருவன்தான்.
அந்தக் கோடு பெலிக்ஸிடமிருந்து தொற்றியது.
புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்.
பால் கணக்கைக்கூட அப்படித்தான் எழுதுவான்.

ஐந்தாம் வினா:
தன்பாலீர்ப்பு உள்ள ஒருவர்
உங்கள் பள்ளியில் ஆசிரியராக இருப்பதை ஏற்பீர்களா?
ஆம். இல்லை. சொல்லத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷமாக
அதே பள்ளியில் கையெழுத்துப் போடுகிறவன்
'சொல்லத் தெரியவில்லை' கட்டத்தில்
டிக் அடித்தேன்.

நோயில்லை என்றார் மேடம்.
இறக்குமதி இல்லை, வளர்ப்பின் கோளாறும் இல்லை.
விலங்கியல் தட்சிணாமூர்த்தி எழுந்தார்:
"இதையெல்லாம் நடத்துனா
பசங்க அப்படியே ஆயிட மாட்டாங்களா மேடம்?"
"தவளைய இருபது வருஷமா நடத்துறீங்க சார்,
இதுவரைக்கும் எத்தனை பேரு தவளையானாங்க?"
கூடம் சிரித்தது.
நானும், கொஞ்சம் தாமதமாக.

மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலம்.
கை கழுவும் இடத்தில்
யாரோ மணிக்கட்டை வளைத்துக் காட்டினார்கள்,
யாரோ குரலை மெலித்தார்கள்.
எல்லாரும் எம்.எட்.
துறைமுகத்தில் ஐஸ் உடைத்த என் அப்பா
நாலாங்கிளாஸைத் தாண்டாதவர்.
அவரும் இதே மணிக்கட்டைத்தான் வளைப்பார்.
இடையில் இருக்கும் பதினான்கு வருஷப் படிப்பை
எங்கே வரவு வைப்பது என்று
தெரியாமல் குழாயை மூடினேன்.

பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, மூன்றாவது பெஞ்சு.
இளம்பரிதி பெயருக்குப் பக்கத்தில்
காம்பஸ் முனையால் கீறிய ஒரு சொல்.
அந்தக் காம்பஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்,
வட்டம் போட.
ஒரு சனிக்கிழமை யாருமில்லாதபோது
உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன்.
சொல் போய்விட்டது. பள்ளம் இருக்கிறது.
அரையாண்டு முடிந்து பையனும் போய்விட்டான்.
மாற்றுச் சான்றிதழில், காரணம்: பெற்றோர் விருப்பம்.
வகுப்பாசிரியர் ஒப்பம்: நான்.

நாலரைக்கு 'பயிற்சிக்குப் பின்'.
அதே பத்து வினா, அதே கட்டங்கள்.
பேனா ஐந்தில் நின்றது.
முன்வரிசையில் கோமளவல்லி டீச்சர்
பட்டென்று 'ஆம்' போட்டது தெரிந்தது.
நான் காலையில் போட்ட இடத்திலேயே போட்டேன்.
நாளை ஓர் அறிக்கை தயாராகும்,
'ஒருவரிடம் மட்டும் மாற்றம் ஏதுமில்லை' என்று.
அவர் என்னைத் திருத்தவே முடியாதவன் என்று நினைப்பார்.

பஸ் நிறுத்தத்தில் தட்சிணாமூர்த்தி
குடையை மாற்றி மாற்றிப் பிடித்தார்.
"அஞ்சாவதுக்கு என்ன சார் போட்டீங்க?"
நான் சாலையைப் பார்த்தேன்.
"காலைல இல்லைன்னு போட்டேன்.
இப்ப ஒண்ணும் போடல. விட்டுட்டேன்."
சொல்லிவிட்டு நெய்வேலி பஸ்ஸில் ஏறினார்.

வெற்றுக் கட்டம் பூஜ்யம் அல்ல.
பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்கிறேன்:
சராசரி எடுக்கும்போது அதைச் சேர்க்காதே,
வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறை.
அதற்கு மேல் அதைப் பற்றி
நான் படித்த கணக்கில் ஒன்றும் இல்லை.

தென்பெண்ணைப் பாலம் தாண்டி, முள்ளோடை தாண்டி,
எட்டு மணிக்குக் கதவைத் தட்டினேன்.
"என்ன நடத்தினாங்க?" என்றான் பெலிக்ஸ்,
வெங்காயம் நறுக்கிக்கொண்டே.
"நாள் பூரா என்னைப் பத்திதான்.
குறிப்பு எடுத்துக்கிட்டேன்."
சிரித்தான். கையைத் துடைத்துக்கொண்டு
"எங்க, காட்டு" என்று நோட்டைப் பிரித்தான்.

ஒரே ஒரு வரி.
இளம்பரிதி இப்போது எந்தப் பள்ளி?